கே. பாலசந்தர் சின்னத்திரைக்கு இறங்கி வந்தாரா?

அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்தபடி மேடை நாடகம் எழுதிவரும் ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார்: எழுத்து, இயக்கம், தயாரிப்பு என்ற மூன்றையும் ஒருவரே சுமக்க முடியுமா? யாரிடம் கேட்டாலும் கே. பாலசந்தரைத்தான் காட்டுகிறார்கள் என்றும், ஆனால் அவரே கடைசியில் வாய்ப்புக் குறைந்து தொலைக்காட்சித் தொடர்களில் வந்து ஒதுங்கியதால் அந்த உதாரணம் தமக்குத் தைரியம் தரவில்லை என்றும் எழுதியிருக்கிறார். இதில் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவர் தொலைக்காட்சிக்குப் போனது சரிவா என்பது ஒன்று. இந்த மூன்று தொழில்களில் எது மற்ற இரண்டையும் தாங்கி நின்றது என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் கிடைத்தால் முதலாவது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் தொடர்களுக்குத் திரைக்கதையும் உரையாடலும் எழுதிப் பிழைத்தவன். இப்போது அதைக் கற்பிக்கிறேன். பாலசந்தரிடம் பணியாற்றியதில்லை. ஆகவே கீழே வரும் ஆண்டுகளையும் படங்களையும் உறுதியானவையாகக் கொள்ளலாம். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லும் இடங்களை மட்டும் அவருடைய எழுத்தைப் படித்தும் தொழிலின் கணக்கை அறிந்தும் செய்த ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

1930ஆம் ஆண்டு நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து, முத்துப்பேட்டையில் சிறிது காலம் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு, 1950இல் சென்னையில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். கேள்வி கேட்டவருக்கு இந்தக் கட்டம்தான் முக்கியம். அலுவலகம் முடிந்த மாலைகளில் நாடகம் எழுதி ஒத்திகை பார்த்த சபா நாடகக்காரர்களில் அவரும் ஒருவர். ராகினி ரிக்ரியேஷன்ஸ் என்ற அவருடைய குழுவில் நாகேஷும் சுந்தரராஜனும் நடித்தார்கள். பின்னவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்ட ‘மேஜர்’ என்ற பட்டமே ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகத்தில் வந்தது. 1964இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘தெய்வத்தாய்’ படத்துக்கு வசனம், அதே ஆண்டில் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய ‘சர்வர் சுந்தரம்’ படத்துக்குக் கதை என்று திரையுலகம் அவரை முதலில் எழுத்தாளராகவே அழைத்தது. ‘மேஜர் சந்திரகாந்த்’ அவர் கையால் தமிழில் படமாவதற்கு முந்தைய ஆண்டே, 1965இல், அசோக் குமார் நடிக்க ‘ஊஞ்சே லோக்’ என்று இந்தியில் வெளிவந்துவிட்டது. 1965இல் ‘நீர்க்குமிழி’ மூலம் இயக்குநரானபோது அதுவும் அவருடைய சொந்த மேடை நாடகந்தான். இயக்குநராகிவிட வேண்டும் என்று கதை தேடிக்கொண்டிருந்த மனிதரல்ல அவர். மேடையில் பார்வையாளர் முன்னால் பலமுறை சோதித்துப் பார்த்த கதைகளைக் கையில் வைத்திருந்தவரிடம் படம் வந்து சேர்ந்தது. அலுவலக வேலையையும் அவர் முதல் வாய்ப்பிலேயே உதறிவிடவில்லை. முதல் படத்தை இயக்கிய காலத்திலும் அவர் அரசு ஊழியர்தான்.

அந்த நாடகங்கள் நடக்கும் இடங்களைக் கவனியுங்கள். ‘நீர்க்குமிழி’ ஒரு மருத்துவமனைக்குள் நடக்கிறது. ‘மேஜர் சந்திரகாந்த்’ பார்வையிழந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டைச் சுற்றி நடக்கிறது. ‘எதிர்நீச்சல்’ ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டில், மாடிப்படிக்குக் கீழே வாழும் மாதுவைச் சுற்றிச் சுழல்கிறது. நாடகமாக இல்லாமல் நேரே படமாக வந்த ‘பாமா விஜயம்’கூட, நடிகை ஒருத்தி அடுத்த வீட்டுக்குக் குடிவந்ததும் கூட்டுக்குடும்பம் ஒன்று நிலைகுலைவதைத்தான் சொல்கிறது. சபா மேடையில் அடிக்கடி அரங்கத்தை மாற்ற முடியாது. ஆகவே ஒரே கூடத்துக்குள் ஆறேழு பேரை அடைத்து, ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் வைத்து, அவர்கள் வாயாலேயே கதையை நகர்த்த வேண்டும். செலவைக் குறைப்பதற்காகப் பிறந்த இந்தக் கட்டுப்பாடு அவருடைய கலையின் எலும்பாகவே அமைந்துவிட்டது. பிற்காலத்தில் கேமரா கடற்கரைக்கும் அருவிக்கும் போனபோதும், படத்தின் உச்சம் என்று நம் நினைவில் நிற்பவை பெரும்பாலும் ஒரு வீட்டுக் கூடத்தில் இரண்டு மூன்று பேர் நின்று பேசுகிற காட்சிகளே.

இயக்கம் அவருக்கு எழுத்தின் நீட்சி என்று நான் சொல்வதற்கு வலுவான சான்று ‘மரோ சரித்ரா’. 1978இல் தமிழ்ப் பையனும் தெலுங்குப் பெண்ணும் காதலிக்கும் கதையாக அதைத் தெலுங்கில் எடுத்தார். மொழிமாற்றம் செய்யப்படாமலேயே அது சென்னையில் ஓராண்டுக்கு மேல் ஓடியது. 1981இல் எல்.வி. பிரசாத்தின் தயாரிப்பில் அதையே ‘ஏக் துஜே கே லியே’ என்று இந்தியில் எடுத்தபோது பெண்ணை இந்தி பேசுபவளாக மாற்றினார். கதையின் சட்டகம் அசையவில்லை. இரண்டு மொழிகளுக்கு இடையிலான சுவரைக் கதையின் முரணாக வைத்திருந்ததால், எந்த இரண்டு மொழிகள் என்பது மாற்றத்தக்கதாக இருந்தது. அதற்குச் சிறந்த திரைக்கதைக்கான ஃபிலிம்ஃபேர் விருதைப் பெற்றார். ‘அபூர்வ ராகங்கள்’ (1975) படமும் அப்படித்தான்: தந்தை மணக்க விரும்பும் பெண்ணின் தாயை மகன் விரும்பினால் உறவுமுறை என்னவாகும் என்ற வேதாளக் கதையின் புதிரை எடுத்து, அதன் நான்கு மூலைகளிலும் நான்கு மனிதர்களை நிறுத்தினார். இந்தக் கணக்குப் போடும் புத்தி எழுத்து மேசையில் வருவது. படப்பிடிப்புத் தளத்தில் கிடைப்பதல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எழுத்தாளரே இயக்கும்போது, பார்வையாளருக்கு ஏற்கெனவே புரிந்துவிட்ட ஒன்றை இன்னொரு முறை சொல்லிவிடும் ஆசையைத் தடுக்க எதிரே ஆள் இருப்பதில்லை. ‘பாலசந்தர் டச்’ என்று ரசிகர்கள் கொண்டாடிய குறியீடுகளில் கணிசமானவை எனக்கு அடிக்கோடிட்ட வாக்கியங்களாகவே தோன்றுகின்றன. வீட்டின் பொருளாதாரத்தைத் தோளில் தாங்கும் பெண்ணை ‘அவள் ஒரு தொடர்கதை’யில் (1974) அவ்வளவு கூர்மையாகப் படைத்தவர், இறுதியில் அவளை அதே நுகத்தடிக்குத் திரும்ப அனுப்புவது சமூகத்தின் மீதான விமர்சனமா, அல்லது தியாகத்தின் மீது அவருக்கிருந்த கவர்ச்சியா என்பதில் எனக்கு இன்றும் ஒரு முடிவு இல்லை. இன்னொருவர் எழுத்தை அவர் எடுத்துக்கொண்ட ஓர் இடத்தில் இந்த அதிகப்படி குறைந்திருப்பதையும் கவனிக்கலாம். கோமல் சுவாமிநாதனின் நாடகத்திலிருந்து எடுத்த ‘தண்ணீர் தண்ணீர்’ (1981) அவருடைய மிக இறுக்கமான படம் என்பது என் கருத்து; சிறந்த திரைக்கதைக்கான தேசிய விருதும் அதற்குத்தான் கிடைத்தது. மூன்று வேலைகளையும் ஒருவரே செய்ய நினைக்கிறவர் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்: கதை வெளியிலிருந்து வந்தபோது அவர் தம் எழுத்தைத் தாமே கூடுதலாகத் திருத்தியிருக்கிறார்.

இனி தயாரிப்பு. கேள்வியில் இதைத்தான் பெரிய சுமையாகக் குறிப்பிட்டிருந்தார்கள். 1981இல் கவிதாலயா தொடங்கப்பட்டபோது பாலசந்தர் பதினாறு ஆண்டுகள் இயக்கி முடித்தவர். அதற்கு முன் ‘அரங்கேற்றம்’, ‘அபூர்வ ராகங்கள்’ போன்றவை கலாகேந்திரா என்ற நிறுவனத்தின் பெயரில் வந்தவை. கவிதாலயாவின் முதல் படம் அவர் இயக்கியதே அல்ல, எஸ்.பி. முத்துராமன் இயக்கி ரஜினிகாந்த் நடித்த ‘நெற்றிக்கண்’. பட்டியலை வரிசையாகப் பார்த்தால் இரண்டு ஓடைகள் தெரியும். ஒன்றில் பிறர் இயக்கியவை: ‘ஸ்ரீ ராகவேந்திரர்’, ‘வேலைக்காரன்’, ‘அண்ணாமலை’, ‘ரோஜா’, ‘முத்து’, பின்னாளில் ‘சாமி’. மற்றொன்றில் அவரே எழுதி இயக்கியவை: ‘அக்னி சாட்சி’, ‘அச்சமில்லை அச்சமில்லை’, ‘சிந்து பைரவி’, ‘புன்னகை மன்னன்’, ‘அழகன்’, ‘வானமே எல்லை’. முதல் ஓடையின் வருமானம் இரண்டாவதைக் காப்பாற்றியது என்று திரையுலகில் பரவலாகச் சொல்வார்கள். பொதுவான போக்காக அது பொருத்தமாகவே தெரிகிறது. ஆனால் அப்படியே முழுதாக ஏற்க முடியாது, ஏனெனில் ‘சிந்து பைரவி’யும் ‘புன்னகை மன்னனு’ம் எவருடைய தயவுமின்றித் தாமே நன்றாக ஓடிய படங்கள். நிச்சயமாகச் சொல்லக்கூடியது வேறொன்று: தயாரிப்பாளராக இருந்தபோது அவர் எல்லாப் படங்களையும் தாமே இயக்க முயலவில்லை. 1992இல் ‘அண்ணாமலை’க்கு முதலில் பேசப்பட்டிருந்த இயக்குநர் படப்பிடிப்பு தொடங்கும் தறுவாயில் விலகியபோது, தாமே நாற்காலியில் அமராமல், தம்மிடம் உதவியாளராக இருந்த சுரேஷ் கிருஷ்ணாவை அழைத்தார். ரஜினியின் அன்றைய வெகுஜனப் படத்துக்குத் தம் எழுத்து பொருந்தாது என்று அவர் அறிந்திருந்ததாகவே இதை நான் படிக்கிறேன். ரஜினியை நடிப்புப் பயிற்சி மாணவராகக் கண்டெடுத்து ‘அபூர்வ ராகங்க’ளில் அறிமுகம் செய்தவர் அவரே என்பதை நினைத்தால், இந்த விலகல் எளிதானதாக இருந்திருக்காது.

தொலைக்காட்சிக்கு வருவோம். ‘வாய்ப்புக் குறைந்ததால் போனார்’ என்ற கூற்றை ஆண்டுகளே மறுத்துவிடும். தூர்தர்ஷனுக்காக அவர் ‘ரயில் சிநேகம்’ தொடரை எடுத்தது 90களின் தொடக்கத்தில். அதே காலத்தில் ‘அழகன்’ (1991), ‘வானமே எல்லை’ (1992), ‘ஜாதிமல்லி’ (1993), ‘டூயட்’ (1994) என்று ஆண்டுக்கொரு படம் இயக்கிக்கொண்டிருந்தார். அவருடைய நிறுவனம் 1992ஆம் ஒரே ஆண்டில் ‘ரோஜா’வையும் ‘அண்ணாமலை’யையும் வெளியிட்டது. அந்த நிலையில் இருந்த ஒருவர் ஒதுங்க இடம் தேடித் தொலைக்காட்சிக்கு வந்தார் என்பது பொருந்தவில்லை. தமிழ்ச் சினிமாவின் முன்னணி இயக்குநர்கள் பலர் அப்போது சின்னத்திரையை ஏறிட்டும் பார்க்காதபோது, வேலை கைநிறைய இருந்த ஒருவர் அங்கே நுழைந்தார் என்பதே வரிசை சொல்லும் செய்தி.

ஏன் நுழைந்தார் என்பதில் என் ஊகத்தைச் சொல்லும் முன், அன்றைய தொடர்த் தயாரிப்பு எப்படி நடந்தது என்பதை விளக்க வேண்டும். தூர்தர்ஷனில் அப்போது விளம்பர ஆதரவு முறை இருந்தது. தயாரிப்பாளர் ஒளிபரப்புக் கட்டணத்தைச் செலுத்துவார். அதற்கு ஈடாக நிகழ்ச்சிக்குள் குறிப்பிட்ட விநாடிகள் விளம்பர நேரமாக அவருக்குத் தரப்படும். அதை விற்று அவர் செலவை எடுக்க வேண்டும். அனுமதி பெரும்பாலும் பதின்மூன்று வாரங்களுக்கு என்று கிடைக்கும். 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு தனியார் அலைவரிசைகளிலும் நீண்ட காலம் இதே போன்ற ‘ஸ்லாட்’ முறைதான் நடந்தது. அதாவது தொடர்த் தயாரிப்பாளர் கதை சொல்பவராகவும் விளம்பர நேரத்தை விற்கும் வியாபாரியாகவும் ஒருசேர இருந்தார். இதில் ஆபத்து உண்டு. ஆனால் விநியோகஸ்தர், திரையரங்கு உரிமையாளர், வட்டிக்குப் பணம் கொடுப்பவர் என்று படத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவே நிற்கும் வரிசை இங்கே இல்லை. நட்சத்திரமும் கட்டாயமில்லை. அரைமணி நேர இடத்தில் விளம்பரம் போக ஏறக்குறைய இருபத்திரண்டு நிமிடம். ஒரு வீடு, ஆறேழு பேர், நிறையப் பேச்சு. ‘எதிர்நீச்சல்’ நாடகம் கேட்டதும் இதுதான். சினிமா அவரிடம் பாட்டும் சண்டையும் வெளிப்புறக் காட்சியும் கேட்கத் தொடங்கிய காலத்தில், அவருக்கு இயல்பான வடிவத்தைத் தொலைக்காட்சி திருப்பிக் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன். இது என் வாசிப்பு. ஆனால் தொடர்களைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

‘கையளவு மனசு’, ‘காதல் பகடை’, ‘பிரேமி’, ‘அண்ணி’, ‘சஹானா’ என்று நீளும் அந்தத் தொடர்களில், முடிவெடுக்கும் பெண்ணைச் சுற்றித்தான் கதைகள் கட்டப்பட்டன. படத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் ஒரு தியாகத்தில் முடித்துவைக்க வேண்டியிருந்த பெண்ணை, தொடரில் அந்த முடிவுக்குப் பிறகும் வாழவைத்துப் பார்க்க முடிந்தது. இயக்கத்தோடு நிற்காமல், மின்பிம்பங்கள் என்ற நிறுவனத்தின் மூலம் பிறருடைய தொடர்களையும் தயாரித்தார்: இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘மர்மதேசம்’, அதே நாகாவின் ‘ரமணி vs ரமணி’. இவை இரண்டும் பாலசந்தர் பாணிக்குச் சற்றும் தொடர்பில்லாதவை. ஒன்று அமானுஷ்ய மர்மம், மற்றது இளந்தம்பதிகளின் நகைச்சுவை. கவிதாலயாவில் செய்ததையே இங்கும் செய்தார்: தமக்கு வராததைப் பிறர் செய்யப் பணமும் பெயரும் கொடுத்தார்.

சரிவே இல்லை என்று நான் வாதிடவில்லை. 1996இல் வந்த ‘கல்கி’க்குப் பிறகு பெரிய இடைவெளி; 2001இல் ‘பார்த்தாலே பரவசம்’, 2006இல் ‘பொய்’, இரண்டும் எடுபடவில்லை. வாரத்தொடர்கள் தினத்தொடர்களாக மாறிய பின் அவருடைய தொடர்களிலும் நீட்டல் தெரியத் தொடங்கியது. சினிமாவில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று நிமிடக் காட்சி எடுத்தால் போதும் என்ற ஒழுங்கில் வளர்ந்த எவரும், ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் அத்தியாயத்தையே முடிக்க வேண்டிய தினத்தொடரில் பழைய அடர்த்தியைக் காப்பது கடினம். அதை எழுதிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் இது எழுபது வயதைக் கடந்த ஒரு கலைஞரின் சரிவு. தொலைக்காட்சிக்குப் போனதால் வந்ததோ, போவதற்குக் காரணமாக இருந்ததோ அல்ல. 2010ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு ‘ரெட்டச்சுழி’யில் பாரதிராஜாவோடு நடித்தார். 2014 டிசம்பரில் மறைந்தார்.

ஆகவே, மூன்றையும் ஒருவரே சுமக்க முடியுமா என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கை தரும் பதில், நண்பர்கள் சொல்வதைவிடச் சற்று நிதானமானது. எழுதுவதை அவர் யாரிடமும் முழுதாக ஒப்படைக்கவில்லை. அங்கேயும் அனந்துவைப் போன்ற ஒரு நெடுநாள் துணையும், விசு, வசந்த் போன்று பின்னால் தாமே இயக்குநர்களான உதவியாளர்களும் பக்கத்தில் இருந்தார்கள். இயக்கத்தைத் தேவைப்பட்டபோது பிறருக்கு விட்டார். தயாரிப்பின் அன்றாட நிர்வாகத்தில் குடும்பத்தாரும் நிறுவன ஊழியர்களும் இருந்தார்கள். சம்பளம் வரும் வேலை, மேடையில் நிரூபணமான நாடகம், பிறர் இயக்கத்துக்கு எழுதிய படம், சொந்த இயக்கம், பிறகு பல ஆண்டுகள் கழித்துத் தயாரிப்பு என்ற வரிசையை அவர் மாற்றவில்லை. நீங்கள் இப்போது இரண்டாவது படியில் இருக்கிறீர்கள். அங்கிருந்து நேரே ஐந்தாவதுக்குத் தாவி, வருங்கால வைப்பு நிதியை எடுத்துக் குறைந்த செலவில் ஒரு படம் தயாரித்துவிடலாமா என்று கேள்வியின் கடைசியில் கேட்டிருந்தீர்களே, அதை நான் ஆதரிக்க மாட்டேன். அன்றைய ஸ்லாட் முறையும் இன்று பெருமளவு மாறிவிட்டது; பல அலைவரிசைகளும் இணையத் தளங்களும் அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து உரிமையைத் தாமே வைத்துக்கொள்கின்றன. ஆகவே அவர் காலத்துத் தயாரிப்பாளரைவிட இன்றையவருக்கு ஆபத்தும் குறைவு, உடைமையும் குறைவு.

அந்த உடைமையைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. 1985இல் வந்த ‘சிந்து பைரவி’யின் தொடர்ச்சியாகப் பல ஆண்டுகள் கழித்துச் ‘சஹானா’ தொடரை அவர் எடுக்க முடிந்ததற்கு, கதையை அவரே எழுதியிருந்ததும் அவர் நிறுவனமே படத்தைத் தயாரித்திருந்ததும் பெரிய வசதியாக இருந்திருக்கும். கதையை விற்றுவிட்ட எழுத்தாளருக்கு அந்த வசதி இல்லை. 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, படத்தில் இடம்பெறும் எழுத்துக்குத் திரையரங்கு அல்லாத பயன்பாடுகளில் வரும் உரிமைத்தொகையை எழுத்தாளர் விட்டுக்கொடுக்க முடியாது என்ற பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் தொடர்ச்சி எடுக்கும் உரிமை, தொடராக்கும் உரிமை, பிறமொழி உரிமை ஆகியவை நீங்கள் கையெழுத்திடும் தாளைப் பொறுத்தவை. எனவே உங்கள் நாடகத்தைப் படமாக்க யாராவது கேட்டு வந்தால், முதலில் கதையைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு மொழியில் ஒரு படத்துக்கான உரிமையை மட்டும் எழுதிக் கொடுங்கள். ‘அனைத்து உரிமைகளும், அனைத்து ஊடகங்களும், நிரந்தரமாக’ என்ற வரி இருந்தால் அதை அடித்துத் தரும்படி கேளுங்கள். மறுத்தால், கையெழுத்திடும் முன் பதிப்புரிமை தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் அந்தத் தாளைக் காட்டிவிடுங்கள். நான் வழக்கறிஞன் அல்ல, இதற்கு மேல் நான் சொல்வது சரியாக இராது.